கல்லூரி நூலகத்துக்குக் கேள்வியோடு வாருங்கள்

கல்லூரி நூலகம் ஒன்றில் 22 வருடமாக வேலை பார்க்கிறேன். முதல் ஒன்பது வருடம் புத்தகம் கொடுத்து வாங்கும் கவுண்டரில் இருந்தேன். அப்புறம் ரெஃபரன்ஸ் பிரிவுக்கு மாறினேன். படிப்பை முடித்துவிட்டு, நூலகத்துக்குப் பாக்கி எதுவும் இல்லை என்ற ‘நோ டியூ’ கையெழுத்து வாங்க வரும் பிள்ளைகளின் கணக்கைத் திறந்து பார்ப்பதும் என் வேலையில் ஒன்று. மூன்று வருடத்தில் ஐந்து புத்தகம், ஆறு புத்தகம் எடுத்தவர்கள் நிறைய. ஒன்றுகூட எடுக்காதவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. முதலாண்டில் ஒரு நாள் வகுப்போடு வரிசையாக அழைத்து வந்து, இது ரீடிங் ஹால், அது புத்தக அலமாரிகள் இருக்கும் ஸ்டாக் என்று காட்டி, அரை மணி நேரத்தில் அனுப்பிவிடுகிறோம். அதற்குமேல் யாரும் சொல்லித் தருவதில்லை.

வருகிறவர்களும் பெரும்பாலும் ஒரு புத்தகத்தின் பெயரோடுதான் வருகிறார்கள். வகுப்பில் பலகையில் எழுதிப் போட்ட பெயர். இருக்கிறதா என்று கேட்பார்கள். இல்லை என்றால் அப்படியே திரும்பிவிடுவார்கள். “எதுக்குப்பா அந்தப் புத்தகம்?” என்று நிறுத்திக் கேட்டால்தான் அதற்குப் பின்னால் ஒரு கேள்வி இருப்பது தெரியவரும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் வேறு நாலைந்து புத்தகங்கள் அவர் நின்ற இடத்திலிருந்து பத்தடி தூரத்திலேயே இருக்கும். அதனால் நூலகத்துக்கு வரும்போது புத்தகத்தின் பெயரை மட்டும் கொண்டுவராமல், உங்கள் கேள்வியையும் எடுத்து வாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். கீழே எழுதியிருப்பது எல்லாம் அதை எப்படிச் செய்வது என்பதுதான்.

அவசரம் இல்லாத ஒரு நாளில் வாருங்கள்

நாளை அசைன்மென்ட் கொடுக்க வேண்டும் என்ற நிலையில் முதல்முறையாக உள்ளே வந்தால் எதுவும் கண்ணில் படாது. பருவம் தொடங்கிய முதல் வாரத்தில், கையில் எந்த வேலையும் இல்லாமல் ஒருமுறை வாருங்கள். கவுண்டரில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை கொஞ்சம்தான். ஒரே நேரத்தில் எத்தனை புத்தகம் எடுக்கலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம், எத்தனை முறை புதுப்பிக்கலாம், புதுப்பிக்க நேரில் வர வேண்டுமா இல்லை இணையத்திலேயே முடியுமா, வேறொருவர் எடுத்துப்போன புத்தகத்தை எனக்கென்று எழுதி வைக்க முடியுமா, வீட்டிலிருந்து மின்னிதழ்களைப் படிக்க என்ன கடவுச்சொல் வேண்டும். கடைசிக் கேள்வியை மறக்காதீர்கள். அதைக் கேட்காமலேயே படிப்பை முடித்துவிடுகிறவர்கள் அதிகம்.

அப்புறம் எல்லா மாடிக்கும் ஒருமுறை ஏறி இறங்குங்கள். உங்கள் பாடத்தின் அலமாரி எங்கே, பைண்டு செய்த பழைய இதழ்கள் எங்கே, பழைய மாணவர்களின் ப்ராஜெக்ட் அறிக்கைகளும் ஆய்வேடுகளும் எங்கே, புதிதாக வந்த புத்தகங்களை எங்கே அடுக்குகிறார்கள் என்று பார்த்து வையுங்கள். உட்கார்ந்து படிக்கத் தோதான ஒரு இடத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். வாசலுக்கும் கவுண்டருக்கும் தள்ளி, ஜன்னல் வெளிச்சம் விழும் இடமாக இருந்தால் நல்லது.

முதுகில் ஒட்டிய சீட்டு

புத்தகத்தின் முதுகில், அடிப்பகுதியில், ஒரு சின்னச் சீட்டு ஒட்டியிருக்கும். அதில் இருப்பதைக் கால் நம்பர் (அழைப்பெண்) என்போம். அதுதான் அந்தப் புத்தகத்தின் முகவரி. இதைப் படிக்கத் தெரிந்துவிட்டால் பாதி நூலகம் உங்கள் கைக்கு வந்துவிடும். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெரும்பாலான கல்லூரி நூலகங்களில் மெல்வில் டூயி 1876-இல் வெளியிட்ட தசமப் பகுப்பு முறைதான் இருக்கும். உலகத்து அறிவையெல்லாம் பத்துப் பெரும் பிரிவாக வைத்தார். 100 தத்துவம், 200 சமயம், 300 சமூக அறிவியல், 400 மொழி, 500 அறிவியல், 600 தொழில்நுட்பம், 700 கலைகள், 800 இலக்கியம், 900 வரலாறும் புவியியலும். எதிலும் அடங்காத பொது விஷயங்களும் கணினியும் 000-இல். ஒவ்வொன்றையும் மறுபடி பத்தாகப் பிரிப்பார்கள். 500 அறிவியல் என்றால் 510 கணிதம், 530 இயற்பியல், 540 வேதியியல். அதன் உள்ளே 547 கரிம வேதியியல். இன்னும் நுணுக்கமாகப் போக வேண்டுமானால் புள்ளி வைத்து நீட்டிக்கொண்டே போகலாம். கீழே இருக்கும் எழுத்துகள் பெரும்பாலும் நூலாசிரியர் பெயரின் முதல் எழுத்துகள். உங்கள் நூலகத்துச் சீட்டில் எண்ணுக்குப் பதில் எழுத்தில் தொடங்கினால், அது அமெரிக்கக் காங்கிரஸ் நூலக முறையாக இருக்கலாம். அதில் கியூ அறிவியல், டி தொழில்நுட்பம், ஹெச் சமூக அறிவியல். முறை எதுவானாலும் ஒன்றைப் பற்றிய புத்தகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதுதான் நோக்கம்.

எல்லோரும் தடுக்கி விழும் ஒரு இடம் உண்டு. 621.4 என்று எழுதிக்கொண்டு வருவார்கள். அலமாரியில் 621.381 கண்ணில் பட்டதும், 381 பெரிய எண், 4 சின்ன எண், அப்படியானால் நாம் தேடுவது இதற்கு முன்னால் இருக்கும் என்று வந்த வழியே திரும்பி நடப்பார்கள். கிடைக்காது. புள்ளிக்குப் பின்னால் வருவது தசமம். ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிட வேண்டும். 3 முதலில், 4 பிறகு. ஆகவே மின்னணுவியலுக்கான 621.381 முன்னே வரும். வெப்பப் பொறியியலுக்கான 621.4 அதைத் தாண்டித்தான் வரும். “புத்தகம் இருக்குன்னு கம்ப்யூட்டர் சொல்லுது, அலமாரியில இல்ல மேடம்” என்று வருகிறவர்களில் பலரும் இந்த இடத்தில்தான் வழி தவறியிருப்பார்கள்.

எண்ணைச் சரியாகப் படித்தும் கிடைக்கவில்லையா? உடனே விட்டுவிடாதீர்கள். அதே தட்டில் இரண்டு பக்கமும் ஒரு கை நீளம் பாருங்கள். மேல் தட்டு, கீழ்த் தட்டு பாருங்கள். தட்டின் பின்பக்கம் விழுந்திருக்கிறதா என்று கை விட்டுப் பாருங்கள். அன்று திரும்பி வந்த புத்தகங்களை அடுக்கி வைத்திருக்கும் தள்ளுவண்டியைப் பாருங்கள். படிக்கும் மேசைகளைப் பாருங்கள். உயரமான புத்தகங்களுக்குத் தனி அலமாரி இருந்தால் அதையும் பாருங்கள். இதற்கு ஐந்து நிமிடம் போதும். அப்படியும் இல்லையென்றால் எங்களிடம் சொல்லுங்கள், நாங்கள் தேடி எடுத்து வைப்போம். நீங்கள் சொன்னால்தான் அது காணாமல் போனதே எங்களுக்குத் தெரியும்.

ஒரு கேள்வி, நான்கு அலமாரி

சில வருடங்களுக்கு முன்னால் வேதியியல் மூன்றாமாண்டு மாணவி ஒருத்தி வந்தாள்.

“மேடம், நேச்சுரல் டை பத்தி புக் இருக்கா?”

“இருக்கும்மா. எதுக்கு?”

“ப்ராஜெக்டுக்கு.”

“ப்ராஜெக்ட்ல என்ன பண்ணப் போறே?”

கொஞ்சம் தயங்கினாள். அப்புறம் சொன்னாள்: “மத்த சாயம் பலதும் துணியில நிக்கிறதுக்குப் படிகாரம் மாதிரி ஏதாவது சேர்க்கணும்னு சொல்றாங்க. அவுரிக்கு அது வேண்டாமாம். ஏன்னு தெரியல மேடம்.”

இது கேள்வி. அவுரி என்பது நீலச் சாயம் தரும் செடி, ஆங்கிலத்தில் இண்டிகோ. ‘நேச்சுரல் டை’ என்று தேடினால் எங்கள் நூலகத்தில் இரண்டு புத்தகம்தான் வந்தது, இரண்டும் வெளியே போயிருந்தன. பெயரை மட்டும் வைத்துக்கொண்டு நின்றிருந்தால் அன்றைக்கு அவள் வெறுங்கையோடு போயிருப்பாள்.

நாங்கள் இரண்டு பேரும் ஸ்டாக்குக்குள் நடந்தோம். முதலில் 547.86. கரிம வேதியியலில் சாயங்களுக்கும் நிறமிகளுக்கும் உள்ள இடம். அங்கே இருந்த புத்தகத்தின் பின்னால் சொல்லடைவில் (இண்டெக்ஸில்) ‘இண்டிகோ’ என்று பார்த்தாள். அடுத்து 667, சாயத் தொழில்நுட்பம். அடுத்து 677, நெசவும் இழையும். கடைசியாக இன்னொரு மூலைக்குப் போனோம். 746.6, துணியில் சாயமேற்றும் கைவினைகள். “ஆர்ட்ஸ் பக்கம் எதுக்கு மேடம்?” என்றாள். அந்தக் கைவினைப் புத்தகத்தில் ஒரு பத்தி இருந்தது. தொட்டியிலிருந்து எடுக்கும்போது துணி மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும், காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாகும் என்று எழுதியிருந்தது. அதைப் படித்ததும் அவள் 547.86-க்குத் திரும்பி ஓடினாள். அவுரிச் சாயம் தண்ணீரில் கரையாது. அதை ஒடுக்கினால், அதாவது ரிடக்‌ஷன் என்ற வினைக்கு உட்படுத்தினால், கரையும் வடிவம் ஆகும். அந்த வடிவத்தில் இழைக்குள் புகுந்த பிறகு, காற்றில் உள்ள ஆக்சிஜன் பட்டு மறுபடி கரையாத நீலமாகி இழைக்குள்ளேயே தங்கிவிடும். கைவினைப் புத்தகம் நிறத்தில் சொன்னதை வேதியியல் புத்தகம் சமன்பாட்டில் சொல்லியிருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஒரே பொருள் எப்போதும் ஒரே அலமாரியில் இருக்காது. தண்ணீர் என்றால் வேதியியலிலும் இருக்கும், பொறியியலிலும் இருக்கும், சட்டத்திலும் பொருளாதாரத்திலும் இருக்கும். உங்கள் துறையின் அலமாரியோடு நின்றுவிட்டால் பாதி விடை இன்னொரு மாடியில் தூசி படிந்து கிடக்கும். ஆகவே ஒரு புத்தகத்தை எடுக்கப் போனால், அதன் இரு பக்கத்திலும் உள்ள இரண்டு இரண்டு புத்தகங்களையும் உருவிப் பாருங்கள். வேறு எந்தத் துறைக்காரர் இதே கேள்வியைக் கேட்பார் என்று யோசித்து அந்த அலமாரிக்கும் ஒரு நடை போய் வாருங்கள்.

கேட்டலாக்கில் தேடும்போது

நூலகத்தின் கணினிப் பட்டியலை ஓபேக் என்போம். அதில் கூகுளில் தேடுவதுபோல் முழு வாக்கியத்தைத் தட்டினால் பெரும்பாலும் ஒன்றும் வராது. இரண்டு மூன்று முக்கியச் சொற்கள் போதும். ஒரு பெயர் வேலை செய்யவில்லையென்றால் இன்னொரு பெயரால் தேடுங்கள். அவுரிக்கு ‘இண்டிகோ’ என்றும் தேட வேண்டும், செடியின் அறிவியல் பெயரான ‘இண்டிகோஃபெரா’ என்றும் தேட வேண்டும், அதைவிட அகலமான ‘டை’, ‘டெக்ஸ்டைல்’ என்றும் தேட வேண்டும். ஆங்கிலச் சொற்களில் பிரிட்டன் எழுத்துமுறையும் அமெரிக்க எழுத்துமுறையும் வேறுபடும். கலர் என்பதை யு சேர்த்தும் எழுதுவார்கள், சேர்க்காமலும் எழுதுவார்கள். சொல்லின் முதல் பகுதியை மட்டும் தட்டி ஒரு நட்சத்திரக் குறி போட்டால், பல பட்டியல்களில் அந்தச் சொல்லின் எல்லா வடிவமும் வந்துவிடும். இரண்டு சொல் சேர்ந்தே வர வேண்டும் என்றால் மேற்கோள் குறிக்குள் போடுங்கள்.

தமிழ்ப் புத்தகம் தேடுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. சில நூலகங்களில் தலைப்பைத் தமிழ் எழுத்தில் ஏற்றியிருப்பார்கள், சிலவற்றில் ஆங்கில எழுத்தில். ஒரே நூலகத்திலேயே பழைய பதிவு ஒரு மாதிரியும் புதிய பதிவு ஒரு மாதிரியும் இருக்கும். இரண்டிலும் தேடிப் பாருங்கள். ழகரத்துக்கு எந்த ஆங்கில எழுத்துகளைப் போட்டார்கள் என்று யாருக்கும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் தலைப்பில் ழகரம் இல்லாத ஒரு சொல்லை எடுத்துத் தேடுவது நல்லது. ஆசிரியர் பெயரையும் முன்னெழுத்து இல்லாமல் பெயரை மட்டும் போட்டுத் தேடுங்கள்.

எல்லாவற்றையும்விடப் பயனுள்ளது இது. உங்களுக்குப் பொருத்தமான ஒரே ஒரு புத்தகம் கிடைத்தால் போதும், அதன் முழுப் பதிவைத் திறங்கள். ‘சப்ஜெக்ட்’ என்று ஒரு வரி இருக்கும். அதில் உள்ள சொற்கள் நாங்கள் யோசித்துப் போட்டவை. தலைப்பில் அந்தச் சொல் இல்லாவிட்டாலும் அதே பொருளில் உள்ள புத்தகங்களையெல்லாம் அந்தச் சொல் ஒன்றாகக் கட்டியிருக்கும். அதை அழுத்தினால் நூலகத்தில் உள்ள உறவுக்காரர்கள் அத்தனை பேரும் வந்து நிற்பார்கள்.

எடுத்த புத்தகம் சரியானதா

நான்கு புத்தகம் கிடைத்தால் நான்கையும் வீட்டுக்குத் தூக்கிப் போகாதீர்கள். மேசையில் வைத்து ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம் கொடுங்கள். முதலில் தலைப்புப் பக்கத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள். எந்த ஆண்டு, எத்தனையாவது பதிப்பு என்று அங்கேதான் இருக்கும். மறு அச்சும் மறு பதிப்பும் வேறு வேறு. மறு அச்சு என்றால் உள்ளே இருப்பது பழையதுதான், புதிய ஆண்டைப் பார்த்து ஏமாற வேண்டாம். அப்புறம் முன்னுரை. இந்தப் புத்தகம் யாருக்காக, எந்த அளவு முன்னறிவு வேண்டும் என்று பெரும்பாலான ஆசிரியர்கள் நேர்மையாகச் சொல்லியிருப்பார்கள். அப்புறம் நேராகப் பின்னால் போய்ச் சொல்லடைவு. உங்கள் கேள்வியின் முக்கியச் சொல்லைத் தேடுங்கள். அதற்கு நேராக ஒரே ஒரு பக்க எண் இருந்தால் போகிற போக்கில் சொல்லியிருக்கிறார். 212-230 என்று தொடர்ச்சியாக இருந்தால் உட்கார்ந்து விளக்கியிருக்கிறார். இரண்டாவது வகையைத்தான் நீங்கள் வீட்டுக்குக் கொண்டு போக வேண்டும். கடைசியாக, அத்தியாயத்தின் முடிவில் உள்ள துணைநூல் பட்டியல். அதில் இரண்டு பெயரையாவது எழுதிக்கொள்ளுங்கள்.

பாடப் புத்தகங்களுக்கு இன்னொரு யோசனை. பின் அட்டைக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டிய தேதியை முத்திரை குத்தும் சீட்டு பல நூலகங்களில் இன்னும் ஒட்டியிருக்கிறது. அதைப் படித்துப் பாருங்கள். எல்லா முத்திரையும் தேர்வுக்கு முந்தைய நான்கு வாரத்திலேயே நெருக்கியடித்துக்கொண்டு இருந்தால், அந்தப் புத்தகம் அப்போது உங்களுக்குக் கிடைக்காது. பருவத்தின் முதல் மாதத்திலேயே எடுத்துப் படித்துவிடுங்கள். கடைசி நேரத்தில் மாட்டிக்கொண்டால், ஒரு பதிப்பு பின்னால் உள்ளதைக் கேளுங்கள். கணிதம், இயந்திரவியல், அடிப்படை வேதியியல் போன்றவற்றில் முந்தைய பதிப்பு தேர்வுக்குப் பெரும்பாலும் தாராளமாகப் போதும், பயிற்சிக் கணக்குகளின் எண்வரிசை மட்டும் மாறியிருக்கும். சட்டம், வரி, கணினி மென்பொருள் என்றால் மட்டும் பழையதைத் தொடாதீர்கள்.

இதழ்களும் கட்டுரைகளும்

இங்கே நிறையப் பேர் பயந்து ஒதுங்குகிறார்கள். ஆய்விதழ் என்றால் பேராசிரியர்களுக்கு என்று நினைப்பு. அப்படி இல்லை. முதலில் ‘ரிவ்யூ’ கட்டுரை ஒன்றைத் தேடுங்கள். ஒரு தலைப்பில் இதுவரை யார் யார் என்ன கண்டார்கள் என்று தொகுத்துச் சொல்லும் கட்டுரை அது. சுருக்கத்தைப் படியுங்கள், முடிவுரையைப் படியுங்கள், நடுவில் உள்ளது புரியாவிட்டால் கவலைப்படாமல் படங்களையும் அட்டவணைகளையும் பாருங்கள். இரண்டாம் முறை வாசிக்கும்போது நடுப்பகுதி தானாகக் கொஞ்சம் இளகும்.

ஒரு நல்ல கட்டுரை கிடைத்துவிட்டால் அதிலிருந்து இரண்டு பக்கமும் நடக்கலாம். பின்னோக்கிப் போக, அதன் கடைசியில் உள்ள மேற்கோள் பட்டியல். முன்னோக்கிப் போக, ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் அந்தக் கட்டுரையின் கீழே, பின்னால் வந்தவர்களில் யார் யார் இதை மேற்கோள் காட்டினார்கள் என்ற இணைப்பு இருக்கும். 2004-இல் வந்த வசதி, காசு கிடையாது. கட்டுரையைத் திறக்கப் போனால் பணம் கேட்கிறதா? பணம் கட்டாதீர்கள். உங்கள் கல்லூரி அந்த இதழுக்குச் சந்தா கட்டியிருக்கலாம், கல்லூரி இணையத்தில் இருந்து திறந்தால் நேராக உள்ளே விடும். வீட்டில் இருந்தால் முதல் வாரத்தில் கேட்டு வைத்த அந்தக் கடவுச்சொல்லைப் போடுங்கள். சந்தா இல்லையென்றால் ஸ்காலரிலேயே ‘எல்லா வடிவங்களும்’ என்ற இணைப்பில், ஆசிரியரே இலவசமாகப் போட்டு வைத்த பிரதி இருக்கிறதா என்று பாருங்கள். இயற்பியல், கணிதம், கணினி அறிவியல் என்றால் ஆய்வுக் கட்டுரைகளை இலவசமாகப் படிக்கத் தரும், 1991 முதல் இயங்கும் ஆர்க்கைவ் தளத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். அதுவும் இல்லையென்றால் எங்களிடம் வாருங்கள். நூலகங்களுக்கு இடையே கடன் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு பல இடங்களில் உண்டு. ஒரு வாரம் ஆகலாம், ஆனால் வரும். கட்டுரைக்கென்று உள்ள தனி அடையாள எண்ணான டிஓஐ எண்ணை மட்டும் எழுதி வாருங்கள். 10 என்று தொடங்கும் அந்த எண் இருந்தால் வேறு எந்தக் குழப்பமும் இல்லை.

முன்னால் படித்தவர்களின் ப்ராஜெக்ட் அறிக்கைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவற்றை எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதத்தான் பலர் வருகிறார்கள். அதில் எடுக்க வேண்டியது வேறு. கடைசி அத்தியாயத்தில் ‘மேற்கொண்டு செய்ய வேண்டியவை’ என்று ஒரு பகுதி இருக்கும். நேரம் போதாமல் அவர் விட்டுப்போன கேள்விகள் அங்கே இருக்கும். உங்கள் ப்ராஜெக்டை அங்கிருந்து தொடங்கலாம்.

எங்களிடம் எப்படிக் கேட்பது

தொந்தரவு செய்கிறோமோ என்று பிள்ளைகள் தயங்குகிறார்கள். நான் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தால் இரண்டு முறை சுற்றி வந்துவிட்டுப் போய்விடுகிறார்கள். தயவுசெய்து கூப்பிடுங்கள். நாங்கள் அங்கே உட்கார்ந்திருப்பதே அதற்குத்தான். நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வகுத்துத் தந்த ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது. எங்கள் தொழிலில் எல்லோரும் படித்துவிட்டு வரும் பாடம் அது. நீங்கள் இரண்டு மணி நேரம் தேடுவதை நாங்கள் பத்து நிமிடத்தில் காட்டினால், அன்று எங்கள் வேலை நன்றாக நடந்திருக்கிறது.

கேட்கும்போது நான்கு விஷயம் சொல்லுங்கள். என்ன தெரிந்துகொள்ள வேண்டும், எதற்காக, இதுவரை எங்கே பார்த்தீர்கள், எப்போதைக்குள் வேண்டும். ‘எக்கனாமிக்ஸ் புத்தகம் எங்கே?’ என்று கேட்டால் 330-ஐக் காட்டி அனுப்பத்தான் முடியும். ‘விலைவாசி ஏறும்போது கூலி ஏன் அதே வேகத்தில் ஏறுவதில்லை என்று எழுத வேண்டும், இந்தப் புத்தகத்தைப் பார்த்தேன், கணக்கு அதிகமாக இருக்கிறது’ என்று சொன்னால், நான் எழுந்து உங்களோடு வருவேன். காலையில் திறந்தவுடனோ மதியத்துக்குப் பிறகோ கூட்டம் குறைவாக இருக்கும்போது வந்தால் இன்னும் நிதானமாகப் பேசலாம்.

நூலகத்தில் இல்லாத புத்தகத்தை வாங்கச் சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. அதற்கென்று ஒரு படிவமோ பதிவேடோ இருக்கும். எந்தப் பாடத்துக்கு, எத்தனை பேருக்குப் பயன்படும் என்று ஒரு வரி சேர்த்து, புத்தகத்தின் தனி அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் எண்ணோடு எழுதிக் கொடுங்கள். மாணவர்கள் எழுதிக் கொடுத்து வாங்கிய புத்தகங்கள் எங்கள் அலமாரியில் நிறைய இருக்கின்றன. புதிதாக வந்ததும் எழுதிக் கொடுத்தவருக்குத்தான் முதலில் தருவோம்.

குறிப்பும் கிழிந்த பக்கமும்

குறிப்பு எடுக்கும்போது தாளின் தலையில் கால் நம்பர், ஆசிரியர், தலைப்பு, பதிப்பு, ஆண்டு எழுதிவிட்டுத் தொடங்குங்கள். ஒவ்வொரு குறிப்புக்கும் பக்க எண். புத்தகத்தில் உள்ள வரியை அப்படியே எழுதினால் மேற்கோள் குறி போடுங்கள். இல்லையென்றால் இரண்டு மாதம் கழித்து எது ஆசிரியருடையது எது உங்களுடையது என்று உங்களுக்கே தெரியாது. போனில் படம் எடுப்பதானால் தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் முதலில் எடுங்கள். கணினியில் வைத்துக்கொள்ள விரும்பினால் ஸோடேரோ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஐஎஸ்பிஎன் எண்ணைத் தட்டினால் மற்ற விவரங்களைப் பெரும்பாலும் அதுவே நிரப்பிக்கொள்ளும்.

ஒரு முறை கரிம வேதியியல் புத்தகம் ஒன்றை ஒரு பையனுக்கு எடுத்துக் கொடுத்தேன். பிரித்துப் பார்த்தால் அவனுக்கு வேண்டிய அத்தியாயத்தில் பதினாறு பக்கம் இல்லை. தையலை ஒட்டிப் பிளேடால் நேராக அறுத்திருந்தது. இரண்டு வாரம் நாங்கள் அலைந்து, வேறொரு நூலகத்திலிருந்து அந்தப் பக்கங்களின் நகலை வாங்கி ஒட்டினோம். அதற்குள் அவன் தேர்வு முடிந்திருந்தது. அறுத்தவர் யாரோ, அவருக்கும் அப்போது அவசரமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் ஒரு அத்தியாயத்தைப் படம் எடுக்க ஐந்து நிமிடம் போதுமே. கோடு போடாதீர்கள், பக்க முனையை மடிக்காதீர்கள். அடையாளம் வேண்டுமென்றால் ஒரு துண்டுத் தாள் வையுங்கள்.

படித்து முடித்த புத்தகத்தை நீங்களே அலமாரியில் திருப்பி வைக்கவும் வேண்டாம். நல்ல எண்ணத்தில் செய்கிறீர்கள் என்று தெரியும். ஆனால் ஒரு தட்டு தள்ளி வைத்துவிட்டால் அடுத்த கணக்கெடுப்புவரை அந்தப் புத்தகம் காணாமல் போனது மாதிரிதான். மேசையிலேயே விட்டுவிடுங்கள். பல நூலகங்களில், மேசையில் கிடக்கும் புத்தகங்களைக் கணக்கில் எழுதிவிட்டுத்தான் அடுக்குவோம். எது உண்மையில் பயன்படுகிறது என்பது அந்தக் கணக்கில்தான் தெரிகிறது. கூடுதல் பிரதி வாங்குவதா, பழையதைக் கழிப்பதா என்று முடிவு செய்யும்போது அதைப் பார்க்கிறோம்.

கடைசிப் பருவத்தில்

நோ டியூ வாங்குவதைக் கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள். இரண்டு வாரம் முன்னாலேயே உங்கள் கணக்கைத் திறந்து என்ன பாக்கி என்று பார்த்துவிடுங்கள். நண்பருக்காக உங்கள் அட்டையில் எடுத்துக் கொடுத்த புத்தகம் அப்போதுதான் நினைவுக்கு வரும். கல்லூரி மின்னஞ்சல் முகவரி மூடப்படுவதற்கு முன்னால், அதை வைத்து மின்னிதழ்களிலும் ஸோடேரோவிலும் சேர்த்து வைத்தவற்றைச் சொந்த முகவரிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். முன்னாள் மாணவர்களுக்கு உறுப்பினர் அட்டை உண்டா என்று கவுண்டரில் கேளுங்கள். சில கல்லூரிகளில் புத்தகம் எடுத்துப் போகலாம், சிலவற்றில் உள்ளே உட்கார்ந்து படிக்க மட்டும் விடுவார்கள். அவுரி மாணவி அந்த அட்டையை வாங்கி வைத்திருக்கிறாள். இப்போது வேறு ஊரில் மேற்படிப்பு. விடுமுறைக்கு வந்தால் ஒரு காலையாவது 667-க்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருப்பாள். போன முறை ஒரு தாளில் ஏழு கேள்வி எழுதிக்கொண்டு வந்தாள். நான்குக்கு விடை கிடைத்தது. மிச்சம் மூன்றுக்கு வேறு நூலகங்களுக்கு எழுதியிருக்கிறேன்.